கதவுக்குப் பின்னால் நின்ற காது

மூத்திரம் போவதற்கு ஒரு மனுஷி இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் நான் நிர்வாணத்துக்கே ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். பொய். ஒத்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம் இல்லையா? சாவைப் பற்றிச் சொன்னார்கள். ரத்தத்தைப் பற்றிச் சொன்னார்கள். நாற்பது நாள் கண்ணாடி பார்க்கக் கூடாது, தலை வாரக் கூடாது, பால் குடிக்கக் கூடாது, பழம் தின்னக் கூடாது, ஆம்பிளை முகத்தில் விழிக்கக் கூடாது என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நிர்வாணம் என்று எங்களுக்குள் சொல்வது ஆணுறுப்பை அறுத்து எடுத்துவிட்டுப் பெண்ணாவதை. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, தையல் போட்டு, மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். எனக்கு நடந்தது அறுபதுகளில். அன்றைக்கு எங்களைத் திருநங்கை என்று மரியாதையாகக் கூப்பிட ஆள் கிடையாது, எங்களுக்கு இருந்த பேரெல்லாம் வசவுதான். அறுப்பதற்கு எங்களிலேயே ஒரு பெரியவள் வருவாள். தாயம்மா என்போம். வந்தாள், பூசை போட்டாள், அறுத்தாள், காய்ச்சிய நல்லெண்ணெயை அந்தப் புண்மேல் ஊற்றினாள், மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. எனக்கு எண்பது வயசு தாண்டிவிட்டது. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் நல்லெண்ணெய் காயும் வாசனை வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று. மண்டகப்பட்டுப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை. அப்பாவை நைனா என்போம், அவருக்குக் கொல்லை வேலை. பத்தொன்பது வயதில் நைனாவின் அடி பொறுக்காமல் ஓடிவந்து, செஞ்சியில் எங்கள் ஆட்கள் இருந்த வீட்டில் ஒட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் பெரியவளை அம்மா என்று கூப்பிடுவோம். அவள் பிள்ளைகள் நாங்கள். வீடு ஊருக்குச் சற்று வெளியே, சிங்கவரம் போகிற பாதையில், நிலக்கடலை போட்ட நிலங்களுக்கு, மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே தனியாக இருந்தது. தனியாக இருந்ததால்தான் அந்த வேலைக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள், கத்தினால் யாருக்கும் கேட்காது.

சித்திரை மாதம். செஞ்சி வெயில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மலை, மலை முழுக்கப் பாறை. பத்து மணிக்கெல்லாம் அந்தப் பாறைகள் அனலை நம் வீட்டுக்குள் அனுப்ப ஆரம்பித்துவிடும். ஆம்பிளை முகம் தெரியக் கூடாதென்று என் அறை ஜன்னலைச் சாக்கு வைத்து மூடியிருந்தார்கள். காற்று என்று ஒன்று இருந்ததையே மறந்து போனேன்.

நாலாம் நாள் அம்மாவும் மற்றவர்களும் கூத்தாண்டவர் திருவிழாவுக்குக் கிளம்பினார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் ஜனம் முழுக்கக் கூடுகிற இடம், அம்மா போகாமல் இருக்க முடியாது. என்னைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி தங்க வேண்டும். எனக்கு மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், தங்கினாள். அவளுக்கு என்னைவிட ஐந்து வயசு கூட இருக்கும். புதுத் தாவணி, வளையல் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். அதையெல்லாம் பெட்டியில் போட்டு மூடும்போது மூடியை அறைந்த சத்தம் எனக்குப் படுத்திருந்த இடத்தில் கேட்டது.

"உன்னால எனக்கு ஒரு வருஷம் போச்சு. ஒழுங்கா பொழைச்சி எழுந்திரு" என்றாள்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். காலையும் மாலையும் புண்ணுக்கு வெந்நீர் ஒத்தடம். கோதுமைக் களி, பூண்டுக் குழம்பு, மிளகுக் கஷாயம். துணி மாற்றும்போது முகம் சுளிக்க மாட்டாள், ஆனால் வாய் மட்டும் ஓயாது. "ராணி மாதிரி படுத்துக்கினு இருக்கா பாரு, காலைப் பிடிச்சி விடட்டுமா மகாராணி?" என்பாள். சொல்லிக்கொண்டே காலையும் பிடித்துவிடுவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விளையாட்டே கிடையாது. ஒரு பெரிய செம்பு நிறைய சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் என் பக்கத்தில் வைப்பாள். பிறகு நான் பின்பக்க மறைப்புக்குப் போகும்போது, அந்தப் பலகைக் கதவுக்கு வெளியே நின்று சத்தம் கேட்பாள். மூத்திரம் விழுகிற சத்தம். கேட்டால்தான் அந்த இடத்தை விட்டு நகர்வாள்.

"கதவுக்கிட்ட நிக்காதக்கா, எனக்கு வரமாட்டேங்குது" என்றேன் ஒரு நாள்.

"நான் நிப்பேன். நீ போ" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அறுத்தபோது துவாரம் மூடிவிடாமலிருக்க ஒரு வேப்பங்குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அதை எடுத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் எரிச்சல் என்றால் எரிச்சல், மிளகாய்த் தூளைக் கொட்டியது போல. பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு போவேன். போய் முடித்துப் படுத்த உடனே அடுத்த தடவையை நினைத்து உடம்பு நடுங்கும். நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. ஊசி போட வந்த ஆளைக் கண்டு வைக்கோல் போரில் ஒளிந்தவள். கத்திக்குத் துணிந்து படுத்த அதே ஆள் நாலு சொட்டு மூத்திரத்துக்கு நடுங்கினேன்.

அஞ்சாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீர் குடித்தால்தானே மூத்திரம் வரும்? குடிக்காமல் விட்டால்? செம்பை ஆறவிட்டு, மறைப்புக்கு எடுத்துப் போனேன். கழுவிக்கொள்ள என்று அக்கா நினைத்துக்கொண்டாள். உள்ளே குந்தி உட்கார்ந்து, செம்பைச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, நூல் மாதிரி தரையில் ஊற்றினேன். நடுவே ஒரு தடவை நிறுத்தினேன். முனகினேன்கூட. அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள்.

இதை நாலு நாள் செய்தேன். தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஒரு வாய் மட்டும் நனைத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை நிஜமாகப் போவேன், அதுவும் அக்கா அடுப்புக்கு விறகு பொறுக்கப் போன நேரத்தில், கறுப்புக் கஷாயம் போல நாலு சொட்டு. மற்றபடி செம்புத் தண்ணீர்தான் போனது. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை.

ஒன்பதாம் நாள் காலை அந்த நாலு சொட்டும் வரவில்லை.

அடிவயிறு கல்லாகி இருந்தது. போக வேண்டும் என்று முட்டுகிறது, போனால் ஒன்றும் வரவில்லை. புண்ணைச் சுற்றி வீங்கிப் பளபளவென்றிருந்தது. முந்தின நாள் இல்லாத ஒரு வாடை. பத்து மணிக்குள் காய்ச்சல் ஏறி, அந்த வெயிலிலும் பல் தந்தி அடித்தது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது: நான் சாகப் போகிறேன், அதுவும் எப்படிச் சாகிறேன் என்று வெளியே சொல்ல முடியாத ஒரு சாவு.

நைனா வீட்டுச் சுவரில் ஒரு மாதா இருந்தாள், நீலத் துணி போர்த்தவள். இந்த வீட்டு மாடத்தில் எங்கள் ஜனம் கும்பிடுகிற, சேவல் மேல் உட்கார்ந்த ஒரு மாதா இருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் கும்பிட்டேன். யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, யாராவது ஒருத்தி வந்தால் போதும் என்று அழுதேன்.

அக்கா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெயில் காய்ச்சல். கஷாயம் வெச்சித் தரேன்" என்று எழுந்தாள்.

"அக்கா, வயித்த வலிக்குது."

"மூத்திரந்தான் நல்லா போவுதே. நேத்துகூட கேட்டேனே, சொய்ங்னு போனியே. அது போனா ஒண்ணும் ஆவாது."

அந்த நிமிஷம் எனக்கு வந்த பயம் மாதிரி கத்தி இறங்கியபோதுகூட வரவில்லை. என்னைக் காப்பாற்றக் கூடியவள் ஒரே ஒருத்தி, அவளுக்கு நான்தான் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறேன். சொன்னால் அடிப்பாள். சொல்லாவிட்டால் கஷாயம் வைத்துக்கொண்டே இருப்பாள், நான் செத்துப்போவேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு யோசிக்க அரை மணி நேரம் பிடித்தது. அடிக்கு அவ்வளவு பயம்.

கஷாயத்தோடு வந்தாள். சொன்னேன். செம்பைப் பற்றி, ஊற்றியதைப் பற்றி, நடுவே நிறுத்தி முனகியது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். கஷாயம் பாய் மேல் கொட்டியது. பிறகு என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டாள்.

"உனக்கு முன்ன ஒருத்தி இருந்தாடி. நான்தான் பாத்துக்கினேன். ரெண்டு ராத்திரி கண்ணு முழிச்சி, மூணாவது நாள் பகல்ல தூங்கிட்டேன். அவளுக்கு நின்னு போச்சு. நான் எழுந்து பாக்கறப்ப வயிறு இத்தாம் பெருசு. அப்புறம் ஒண்ணும் பண்ண முடியல. அதுக்குத்தாண்டி பாவி, அதுக்குத்தான் நான் கதவாண்ட நின்னேன்."

அழுதது ரொம்ப நேரம் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. போனால் முதல் கேள்வி, யார் அறுத்தது? போலீஸ் வரும். அம்மாவும் தாயம்மாவும் அக்காவும் உள்ளே போவார்கள். டாக்டரை வீட்டுக்குக் கூட்டி வரலாமென்றால் அவர் ஆம்பிளை. செஞ்சியில் பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா ஒருத்தி இருந்தாள், கிறிஸ்தவப் பெண். அவளை அழைத்து வருகிறேன் என்று அக்கா கிளம்பினபோது என் பயம் இரட்டிப்பானது. சுற்று வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அவள் பிரசவம் பார்த்தவள். என் அம்மாவை, நிஜமாக என்னைப் பெற்றவளை, தெரிந்திருந்தால்?

மத்தியானம் வெயில் கொளுத்தும்போது நர்ஸம்மா வந்தாள். அவள் வீட்டுக்காரர் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். அக்கா அவரைக் கொல்லை முனையில் புளிய மரத்தடியிலேயே நிறுத்தி, மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டாள். ஏன் என்று அவர் கேட்டாரோ என்னவோ, நர்ஸம்மா திரும்பிப் போகும்வரை அந்த மனுஷர் மலையைப் பார்த்தபடியே நின்றாராம்.

பிள்ளை பெற்றவளுக்கு நீர் அடைத்துவிட்டது என்று பொய் சொல்லித்தான் அக்கா அழைத்து வந்திருந்தாள். நர்ஸம்மா துணியை விலக்கினாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இதுதான் நீ சொன்ன பிரசவமா?" என்று அக்காவைக் கேட்டாள். அக்கா அவள் காலில் விழப் போனாள். "எழுந்திரு. பானையில தண்ணி கொதிக்க வை" என்றாள் நர்ஸம்மா.

ரப்பர் குழாயை எங்கள் சோற்றுப் பானையில் கொதிக்க வைத்தார்கள். ஒட்டிப்போயிருந்த இடத்தை அவள் எப்படித் திறந்தாள் என்று நான் பார்க்கவில்லை. கத்தினேன், அது மட்டும் ஞாபகம். அதன் பிறகு வயிற்றில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மெல்ல மெல்ல இறங்கிப் போனது. அந்த சுகத்தை இத்தனை வருஷத்தில் நான் வேறு எதிலும் கண்டதில்லை.

குழாயை உள்ளேயே விட்டு நூலால் கட்டினாள். ஒரு ஊசி போட்டாள். ஒளிய வைக்கோல் போர் எதுவும் இல்லை, போட்டுக்கொண்டேன். "எந்த ஊரு நீ?" என்றாள். தெற்கே என்று உளறினேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை. தெரிந்துகொண்டுதான் கேட்காமல் விட்டாளா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

அக்காவுக்கு அவள் சொன்னது நிறைய. பழைய துணியை அப்படியே வைக்காதே, கொதிக்க வைத்து வெயிலில் காய்ந்ததை வை. எண்ணெய் தடவாதே. உப்புப் போட்ட வெந்நீரில் கழுவு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கிட்டே போகாதே. நாளெல்லாம் தண்ணீர் கொடு, பார்லி கஞ்சி கொடு, பால் கொடு. தினமும் வந்து ஊசி போடுகிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

"பால் ஆவாதும்மா. நாப்பது நாள் மாதாவுக்கு வாக்கு" என்றாள் அக்கா.

"தண்ணி?"

அக்கா யோசித்தாள். "தண்ணிய பத்தி மாதா ஒண்ணும் சொல்லல."

பன்னிரண்டாம் நாள் காலையில் நர்ஸம்மா குழாயை எடுத்தாள். எங்கள் வழக்கப்படி அன்றைக்குத்தான் எனக்கு முதல் தலைக்கு ஊற்ற வேண்டும். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் நர்ஸம்மா. "இனிமே தானா போவணும். பொழுது சாயறதுக்குள்ள போகலைன்னா விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயாகணும். அதுக்கு மேல என் கையில இல்ல."

அவள் போனதும் அக்கா மறைப்பின் பலகைக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்லுகிற யோக்கியதை எனக்கு ஏது? அவள் கண்ணெதிரே ஒரு செம்பு பார்லித் தண்ணீர் குடித்தேன். இன்னொரு செம்பு குடித்தேன். போய்க் குந்தினேன். வரவில்லை. திரும்பிப் படுத்தேன். மறுபடி போனேன். வரவில்லை. வருமோ என்று பயம், வந்தால் எரியுமே என்று பயம், இரண்டும் சேர்ந்து உடம்பை இறுக்கிக் கட்டிவிட்டன. வெயில் ஜன்னல் சாக்கின் ஓட்டை வழியாகத் தரையில் நகர்ந்து நகர்ந்து சுவர் ஏறியது.

மூன்று மணிக்கு அக்கா ஒரு பையில் என் சேலை இரண்டை மடித்து வைத்தாள். அவளுடைய சேலை இரண்டையும் வைத்தாள்.

"உனக்கு எதுக்குக்கா?" என்றேன்.

"போலீசு கேட்டா நான்தான் அறுத்தேன்னு சொல்லப்போறேன். தாயம்மாவ காட்டிக் குடுக்கக் கூடாது. அம்மாவுக்கு வயசாயிடுச்சி. நீ வாயைத் தொறக்காத." மடிப்பு சரியில்லை என்று ஒரு சேலையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

நான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மறைப்புக்குப் போனேன். அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு அங்கே படுத்திருக்க முடியவில்லை. குந்தினேன். அக்கா பின்னாலேயே வந்து, கதவு இருந்த இடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கேலி இல்லை. அவளும் பயந்துபோய் இருந்தாள். அவள் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது, கால் மரத்துப் போய்விட்டது.

முதலில் ஒரு சொட்டு. எரிந்தது. கத்தினேன், ஆனால் நிறுத்தவில்லை. பிறகு நூல் மாதிரி வந்தது. பிறகு சத்தம் கேட்டது.

அக்கா நகரவில்லை. அந்தச் சத்தத்தை அவள் நாலு நாள் நம்பி ஏமாந்தவள். குனிந்து, கையை நீட்டி, விழுகிற தாரையில் உள்ளங்கையை ஏந்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"சூடா இருக்குதுடி" என்றாள்.

ஈரக் கையோடு சுவரில் சாய்ந்து, போகாத திருவிழாவுக்கும் சேர்த்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். நான் எரிய எரியப் போய்க்கொண்டே இருந்தேன்.